தண்ணீருக்கு முன்னால் கை

அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் வருவார்கள். உடம்பு மினுமினுக்க, பிடரி மயிர் எண்ணெயில் படிந்திருக்க, காலில் சலங்கை கட்டி, மேளத்துக்குத் தக்கபடி குதிரைகளை ஆடவிடும் நேரம் அது. நான் கால்நடை மருத்துவர், விடிகாலையில் போவேன். ராத்திரி லாரியில் வந்து இறங்கிய குதிரை தேய்க்காமல், குளிக்காமல், வந்தபடியே நின்றுகொண்டிருக்கும். வயிற்றடியில் காய்ந்து ஒட்டிய சாணம், பிடரிக்கடியில் ஏறிய உண்ணி, கயிறு அறுத்த காயம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். எட்டு மணிக்கு மேல் வாளியும் தண்ணீர்க் குழாயும் வந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் எல்லாக் குதிரையும் அழகாகிவிடும்.

ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தியூர். பக்கத்துப் புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில். ஆடித் தேர்த்திருவிழாவில் சாமி மகமேருத் தேரில் வனக்கோயிலுக்குப் போகும். அதையொட்டிக் கூடுவதுதான் இந்தக் குதிரை, மாட்டுச் சந்தை. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடுகள், காங்கேயம் காளைகள். இன்னொரு பக்கம், காது நுனிகள் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவார், மார்வார் குதிரைகள், இளஞ்சிவப்புத் தோலுடைய வெள்ளை நுக்ரா, நாட்டு மட்டக்குதிரைகள். பார்க்கப் பார்க்கத் தீராது.

வாங்குகிறவர்கள் யார்? கோயமுத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள், கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் விடுகிறவர்கள், பிள்ளைகளுக்குச் சவாரி பழக்க ஆசைப்படும் அப்பாக்கள். ஆசை இருக்கிறது, பணமும் இருக்கிறது. கைப்பழக்கம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள், 2019 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. ஊருக்கு ஊர் நின்ற ஜட்கா வண்டிகள் போயின. ஜட்காக்காரர்கள் மகனுக்கும் பேரனுக்கும் சொல்லிக்கொடுத்த வித்தையும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டாக்டரம்மா, வாரத்துக்கு எத்தனை தடவை குளிப்பாட்டணுங்க? எந்த ஷாம்பு போடறதுங்க?" என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குளியலைக் குறையுங்கள், தேய்ப்பதைத் தினமும் செய்யுங்கள். ஷாம்பு பாட்டில் இல்லாமல் ஒரு குதிரை ஆயுள் முழுக்க நன்றாக இருக்கும். கை படாமல் இருக்காது.

இதை எனக்கு முதலில் சொன்னது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. கவுந்தப்பாடியில் ஜட்கா ஓட்டிய என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. சந்தைக்கு வருகிற சர்க்கரை வியாபாரிகளை ஏற்றி இறக்கிவிட்டு, பொழுது சாய வண்டியை அவிழ்ப்பார். அவிழ்த்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகமாட்டார். ஒரு சாக்குத் துணியை நாலாக மடித்து இடது கையில் பிடித்துக்கொள்வார். வலது கை வெறுங்கையாக இருக்கும். காதடியிலிருந்து வால் வரைக்கும் சாக்கு ஒரு முறை போகும், வெறுங்கை பின்னாலேயே ஒரு முறை போகும். முன்னங்கால் இடுக்கு, வார் இறுக்குகிற இடம், குளம்புக்கு மேலே உள்ள பள்ளம், எதுவும் மிச்சமிருக்காது. "கை போகாத எடத்துலதான் அம்மிணி புண்ணு குக்கியிருக்கும்" என்பார். கல்லூரியில் நான் படித்தது எல்லாம் அந்தக் கைக்கு விளக்கவுரைதான்.

குதிரையை விலைக்கு வாங்குவதில் நாம் என்றைக்கும் சளைத்தவர்கள் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலேறி வரும்; மன்னர்கள் பொன்னைக் கொட்டி வாங்குவார்கள்; வருஷம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகும். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள் என்று அவர் காரணம் சொல்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். பாலைவனத்துக் குதிரைக்கு நம் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு ஆடிக்குப் பிறகும், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய குதிரையைத் தோல் முழுக்கப் புண்ணோடு என்னிடம் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மார்க்கோ போலோ எழுதியது எனக்கு ஞாபகம் வருகிறது.

எங்கள் வீட்டுச் செவலை ஒரு கத்தியவார்ப் பெட்டைக் குதிரை. அவளுக்குச் செய்கிறதையே சொல்கிறேன்.

வேப்பமரத்து நிழலில் கட்டுவேன். கயிறு அவள் தோள் உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு கை நீளத்துக்கு மேல் தொங்கக் கூடாது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுவேன். இல்லாவிட்டால், குதிரை மிரண்டு பின்வாங்கும்போது கயிறு இறுகி, கழுத்தையோ கட்டின கட்டையையோ பதம் பார்த்துவிடும். கதவில், வண்டியில், ஆடுகிற எதிலும் கட்டக் கூடாது. பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகப் போக வேண்டும். குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. அங்கிருந்து வருகிற கை யாருடையது என்று அதற்குத் தெரியாததால்தான் உதைக்கிறது. தோளில் ஒரு கையை வைத்துவிட்டு, அந்தக் கையை எடுக்காமலே பின்பக்கம் நகர்ந்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

முதலில் வெறுங்கை. கழுத்து, முதுகு, வயிறு, நாலு கால். முன்னங்கால் இரண்டையும் முழங்காலுக்குக் கீழே ஒரே சமயத்தில் தொட்டுப் பார்ப்பேன். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால் தசைநாணிலோ மூட்டிலோ அடி பட்டிருக்கிறது. நொண்டுவதற்கு முன்னாடியே கை சொல்லிவிடும். செவலை நன்றாக இருக்கும் நாளில் அவள் உடம்பு எப்படி இருக்கும் என்பது என் கைக்கு மனப்பாடம். அந்த மனப்பாடம் இல்லாதவருக்குக் கட்டி, வீக்கம் எதுவும் பெரிதான பிறகுதான் தெரியும்.

அடுத்தது ரப்பர்ப் பல் வைத்த தேய்ப்பான். சதை உள்ள இடங்களில், கழுத்து, தோள், முதுகு, தொடையில், வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் உதிர்ந்த முடியும் அழுக்கும் மேலே வரும். முகத்திலும், முழங்காலிலும், எலும்பு முட்டுகிற இடங்களிலும் இதை வைக்கக் கூடாது. பிறகு கெட்டியான பிரஷ். முடி படிந்திருக்கும் திசையில், கடைசியில் ஒரு சுண்டு சுண்டி எடுத்தால் தூசு பறக்கும். அப்புறம் மெல்லிய பிரஷ், கடைசியாகச் சாக்கு. சாக்கு போகப்போகத் தோலில் ஊறும் எண்ணெய் முடி நுனி வரைக்கும் பரவும். கடையில் வாங்குகிற பளபளப்பெல்லாம் இதற்கு அப்புறந்தான். அடிக்கடி சோப்புப் போடுகிறவர்கள் இந்த எண்ணெயைத்தான் கழுவிச் சாக்கடையில் விடுகிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுப்பதும் அதுதான்.

தேய்க்கும்போது சுழிகள் தெரியும். நெற்றியில், கழுத்தில், மார்பில், விலாவில் முடி சுழன்று நிற்கும் இடங்கள். எங்கள் பக்கம் சுழி பார்க்காமல் குதிரை வாங்கமாட்டார்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் குதிரை இலக்கணம் பேசும் அசுவ சாஸ்திரச் சுவடியைப் பதிப்பித்தே வெளியிட்டிருக்கிறது. அந்த அளவுக்கு நம் முன்னோர் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூர்மையை நான் மதிக்கிறேன். சுழியால் வீட்டுக்கு நல்லதோ கெட்டதோ வரும் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். சுழிக்கு நாலு விரல் தள்ளி, வார்ப்பட்டைக்கு அடியில் இருக்கும் பழைய புண்ணைப் பார்க்காமல் விடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். சுழியில் பிரஷை அது சுழலும் போக்கிலேயே ஓட்டுங்கள், எதிர்த்துத் தேய்த்தால் வலிக்கும்.

முதுகும் கழுத்தும் சேருகிற மேட்டில் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துக்கொடுங்கள். இரண்டு குதிரைகள் சிநேகமாக நின்றால் ஒன்றின் அந்த மேட்டை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடும். பிரான்ஸ் நாட்டின் கமார்க் சதுப்பு நிலத்துக் குதிரைகளை வைத்துச் செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று கண்டார்கள். செவலைக்கு அங்கே கை வைத்தால் கீழுதடு தொங்கிவிடும், கண் பாதி மூடிக்கொள்ளும். ஊசி போட வேண்டிய குதிரை முரண்டு பிடித்தால் நான் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.

கால்களில் ஒன்றைக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். முன்னங்கால் முடியிலும் தோளிலும் மஞ்சளாக, எள்ளைவிடச் சிறிதாக, முடிக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைகள். பார்த்தால் தூசு மாதிரி இருக்கும், பிரஷுக்கு வராது. ஒருவகை ஈ இடுகிற முட்டைகள் அவை. குதிரை காலை நக்கும்போது வாய்க்குள் போய்ப் பொரிந்து, புழு இரைப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். மழுங்கிய கத்தியின் முனையைச் சாய்த்துப் பிடித்து, முடியோடு சேர்த்து மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். தீவனம் போடுகிற இடத்தில் நின்று சுரண்டக் கூடாது. தேய்த்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

உண்ணியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மாட்டு உண்ணிக்கு அமிட்ராஸ் என்னும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது நம் பக்கம் எல்லாக் கட்டுத்தறியிலும் உண்டு. மாட்டுக்கு நல்ல மருந்து. குதிரைக்கு அதைத் தொடவே கூடாது. குடல் அசைவு நின்று, சாணம் கட்டி, வயிற்றுவலியில் குதிரை உருண்டு உருண்டு செத்துப்போகும் அளவுக்குப் போகலாம். மாட்டுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிட்டு நடுராத்திரியில் போன் பண்ணியவர்கள் உண்டு. மண்ணெண்ணெயும் அப்படித்தான், தோல் வெந்துபோகும். உண்ணி கொஞ்சமாக இருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நிறைய இருந்தால் மருத்துவரைக் கேட்டு, குதிரைக்கென்று உள்ள மருந்தை வாங்குங்கள்.

இனிக் குளம்பு. நேரம் இல்லாத நாளில் மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். தோளோடு தோள் உரசி நின்று, வாலைப் பார்த்தபடி குனிந்து, காலை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்து, கணுக்கால் முடியைப் பிடித்தால் பழகிய குதிரை தானே காலைத் தரும். வளைந்த கொக்கியால் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கித் தோண்ட வேண்டும். குளம்பின் நடுவே முக்கோணமாக, தொட்டால் மெத்தென்று இருக்கும் பாகம் ஒன்று உண்டு. அதன் இரண்டு பக்கத்துப் பள்ளங்களில்தான் சாணமும் மண்ணும் இறுகிக் கிடக்கும். எங்கள் செம்மண் காட்டில் வெங்கச்சாங்கல் நிறைய. ஒரு சிறு துண்டு அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் குதிரை ஒவ்வொரு அடிக்கும் அதன்மேல்தான் நடக்கும். தோண்டியதை மோந்து பாருங்கள். மண் வாசம் வந்தால் சரி. கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் அடித்தால் குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது, நிற்கிற தரை ஈரம் என்று அர்த்தம். தரையை மாற்றாமல் மருந்து மட்டும் ஊற்றினால் திரும்பத் திரும்ப வரும்.

லாடம் ஆடுகிறதா, ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். குளம்பின் மேல் பழைய இன்ஜின் ஆயில் பூசும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, தயவுசெய்து நிறுத்துங்கள். கோடையில் குளம்பு வெடிக்கிறது என்றால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும்.

வால், பிடரிக்கும் அதே தேங்காய் எண்ணெய்தான். நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும், பெண்பிள்ளைகளுக்குத் தலை வாருகிற எல்லாருக்கும் தெரிந்த வேலை. வாலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். அழகுக்காக வாலை வெட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. ஈயை ஓட்ட அதற்கு வேறு என்ன இருக்கிறது? கண்ணுக்கு ஒரு ஈரத்துணி, மூக்குக்கு வேறு துணி, வாலடிக்கு வேறு துணி. ஆண் குதிரையின் குறி உறைக்குள் அழுக்கு கட்டியாகச் சேரும். அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு முறை மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தண்ணீர். தினமும் இல்லை, அழுக்கு தேய்ப்புக்குப் போகாதபோது, வேர்த்து உப்புப் பூத்தபோது. குதிரை வேர்வையில் சோப்பு மாதிரி நுரைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. சேணத்துக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் வெள்ளையாக நுரை கட்டுவது அதனால்தான். அது காய்ந்து, அதன்மேல் மறுநாள் சேணம் ஏறினால் தோல் உரசிப் புண்ணாகும். ஆகவே சவாரி முடிந்த ஒவ்வொரு நாளும் சேணம் இருந்த இடத்தை மட்டுமாவது ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். வேர்வையோடு உப்பும் நிறையப் போய்விடுவதால் குடிக்கத் தண்ணீரும் நக்க உப்புக்கட்டியும் பக்கத்தில் இருக்கட்டும்.

குளிப்பாட்டும் நாளில் வெயில் ஏறிய பிறகு, காற்று அடங்கிய நேரமாகப் பாருங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயமுத்தூரில் ஆளையே தள்ளும்; அந்தக் காற்றில் நனைந்த குதிரையை நிறுத்தக் கூடாது. தண்ணீரை எடுத்த எடுப்பில் முதுகில் பாய்ச்சாதீர்கள். முன்னங்குளம்பில் தொடங்கி, முழங்கால், தோள் என்று மெதுவாக ஏறுங்கள். தலைக்குக் குழாய் வேண்டாம், ஈரத்துணி போதும். காதுக்குள் தண்ணீர் போனால் அடுத்த முறை வாளியைக் கண்டாலே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். சோப்பு என்றால் குதிரைக்கென்று விற்பதையோ, மிக மென்மையான ஒன்றையோ நிறையத் தண்ணீரில் கலந்து போடுங்கள். பாத்திரம் துலக்குகிற சோப்பு வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் அரப்புத்தூளைக் கரைத்துத் துணியில் வடிகட்டிப் போடுவோம். அப்புச்சி காலத்திலிருந்து வருகிற பழக்கம். கண்ணில் பட்டால் எரியும், அதனால் கழுத்துக்கு மேலே கொண்டுபோகமாட்டோம். தேங்காய் மட்டையை ஊறவைத்து நசுக்கினால் கால் தேய்க்க நல்ல நார் கிடைக்கும். அலசுகிற தண்ணீர் தெளிவாக வருகிறவரைக்கும் அலசுங்கள், தோலில் தங்கும் சோப்புதான் பாதி அரிப்புக்குக் காரணம்.

அலசியதும் வளைந்த பிளாஸ்டிக் தகட்டால் தண்ணீரை வழித்துவிட்டு, துணியால் துடைத்து, காயும் வரை வெயிலில் நடத்துங்கள். குதிகால் பள்ளத்தைத் தனியாக உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்னிடம் வருகிற தோல் நோய்களில் பெரும்பகுதி ஈரம் காயாத முதுகிலும் குதிகாலிலும் தொடங்கியதுதான். நாலு காலும் நெற்றியும் வெள்ளையாக இருக்கும் பஞ்சகல்யாணியை ராசி என்று கூடுதல் விலைக்கு வாங்குவார்கள். அந்த வெள்ளை முடிக்கு அடியில் இருப்பது இளஞ்சிவப்புத் தோல். சேற்றுப்புண்ணும் வெயில் கொப்புளமும் அதற்குத்தான் முதலில் வரும். காய்ந்ததும் அவிழ்த்துவிட்டால் குதிரை நேராகப் போய் மண்ணில் புரளும். திட்டாதீர்கள். அதன் உடம்பு அதற்குத் தெரியும்.

வெயிலில் ஓடி மூச்சு வாங்கி நிற்கிற குதிரைக்கு இந்த நிதானம் உதவாது. சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும், மாரடைக்கும் என்று பயப்படுவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிக்கு முன்பு, கடும் வெயிலில் ஓடும் குதிரைகளை வைத்து ஆராய்ந்து, அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குதிரையின் இயல்பான உடற்சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கி மூச்சு சீராகும்வரை ஊற்றுங்கள். வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்க வைக்கக் கூடாது என்று பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஏறுகிறவர்களும், சித்திரையில் நடுப்பகல் ஊர்வலத்துக்குச் சாரட் பேசுகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது வேறு கவலை. அப்புச்சி பவானி ஆற்று வாய்க்காலில் இறக்கிவிடுவார். இப்போது யாராவது நொய்யலில் இறக்கச் சொன்னால் நான் தடுப்பேன். திருப்பூர்ச் சாயக்கழிவு இறங்கி, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போன கதை எல்லாருக்கும் தெரியும். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போயிற்று. ஓடாமல் தேங்கிய குளத்துத் தண்ணீரும் வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும் கிருமி குதிரையின் கண்ணைத் திரும்பத் திரும்பத் தாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடியது. இரண்டு வாளி நல்ல போர்த் தண்ணீர் இருந்தால் செவலை குளித்துவிடுவாள், முன்னாடி நன்றாகத் தேய்த்திருந்தால்.

சந்தைக் குதிரைக்கு வருவோம். விற்பதற்காகக் குளிப்பாட்டுவதில் மறைக்கிற வேலையும் உண்டு. வெள்ளைக் குதிரையின் மஞ்சள் கறையைச் சொட்டு நீலம் மறைக்கும், வயதான குதிரையின் நரையைக் கறுப்புச் சாயம் மறைக்கும். வாலுக்கும் காலுக்கும் மருதாணி போட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தலைச்சாயம் அப்படியில்லை, தோல் வீங்கிக் கொப்புளிக்கும். வாங்கப் போகிறவர்கள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் கண்ணுக்கு மேலும் கழுத்திலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நாலு குளம்பையும் தூக்கி மோந்து பாருங்கள். வார்ப்பட்டை இடத்தில் கையை விடுங்கள். நல்ல குதிரை வைத்திருப்பவர் இதற்கெல்லாம் கோபிக்கமாட்டார். போன ஆடியில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துத் தன் குதிரையின் வயிற்றடியில் தானே வைத்து, "பாருங் டாக்டரம்மா, எங்கியாச்சும் ஒரு சொரசொரப்பு தட்டுதுங்களா?" என்று கேட்டார். தட்டவில்லை. அந்தக் குதிரைக்குச் சலங்கை இல்லை, கூட்டமும் இல்லை. சந்தையிலேயே எனக்குப் பிடித்த குதிரை அதுதான்.

ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வரிசையாகப் பத்துக் குதிரையைத் தேய்ப்பதைச் சந்தையில் பார்க்கலாம். படர்தாமரை அப்படித்தான் பரவுகிறது. தாடைக்கடியில் கட்டி கட்டிச் சீழ் வைக்கும் தொண்டைநோயும் ஒரே வாளியில் குடிப்பதால் தொற்றும். எல்லாவற்றிலும் கொடியது கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய். மனிதனுக்கும் தொற்றும், குதிரைக்கு வந்துவிட்டால் சிகிச்சை கிடையாது, சட்டப்படி கருணைக்கொலைதான். ரத்தப் பரிசோதனைக்கு ஹரியானாவின் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

எனவே இந்த ஆடியில் குதிரை வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வீட்டுக்கு வந்ததும் பழைய குதிரைகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனிச் சாக்கு வையுங்கள். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். லாரி அலுப்பு தீரட்டும், உங்கள் கை அதற்குப் பழகட்டும். மூக்கில் கெட்டியான சளி, தாடைக்கடியில் கட்டி, தோலில் வரிசையாக முடிச்சு முடிச்சாகப் புண் என்று எது தெரிந்தாலும் வெறுங்கையால் தொடாமல் அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மருந்தகம் தூரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.